1972 ஷெவர்லே சி10 பிக்கப்பில் மாற்று இன்ஜின்: ஆறு ஆண்டு அனுபவம்

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் வசிக்கும் நான் பதினொரு ஆண்டுகளாக ஒரு 1972 ஷெவர்லே சி10 பிக்கப்பை ஓட்டி வருகிறேன். வாங்கியபோது அதில் 307 கன அங்குல (5.0 லிட்டர்) வி8 இன்ஜினும் மூன்று கியர் கொண்ட டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இருந்தன. ஐந்தாவது ஆண்டில் ஒவ்வொரு 500 மைலுக்கும் ஒரு குவார்ட் ஆயில் குறையத் தொடங்கியது; காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வீதி முழுவதும் பரவும். கம்ப்ரெஷன் சோதனையில் இரண்டு சிலிண்டர்கள் 90 பி.எஸ்.ஐ. அளவைக்கூடத் தாண்டாததைக் கண்ட பிறகு, பழைய இன்ஜினைச் சீர்செய்வதா, வேறொன்றைப் பொருத்துவதா என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை.

307-ஐ போரிங் செய்து (சிலிண்டர்களைக் குடைந்து அகலப்படுத்தி), புது பிஸ்டன் போட்டு, ஹெட்டுகளையும் சீர்செய்தால் ஆகும் செலவு, ஒரு 350 கன அங்குல (5.7 லிட்டர்) மறுசீரமைப்பு இன்ஜினின் விலையை நெருங்கியது. இரண்டும் ஷெவர்லேயின் ‘ஸ்மால் பிளாக்’ குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளி அளவுகள் ஒன்றே, இன்ஜின் மவுண்ட் ஒன்றே, கியர்பாக்ஸ் இணையும் முகப்பும் ஒன்றே. கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது என்பதால் சட்டச் சிக்கலும் இருக்கவில்லை.

1996-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய பிக்கப்புகளில் அறிமுகப்படுத்திய ‘வோர்டெக் 5700’ என்ற எல்31 வகை 350 இன்ஜினைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முதற்காரணம் ரோலர் கேம்ஷாஃப்ட்; வால்வுகளைத் திறக்கும் இந்தத் தண்டைத் தொடும் டேப்பட்களின் நுனியில் உருளைகள் இருக்கும். பழைய தட்டை டேப்பட் கேம்ஷாஃப்ட் புதிதாக இருந்தால், முதன்முறை ஸ்டார்ட் ஆனதும் 20 நிமிடத்துக்குக் குறையாமல் 2,000 ஆர்.பி.எம்.மிலேயே ஓட விட வேண்டும்; துத்தநாகம் மிகுந்த ஆயிலும் தேவை; கவனம் சிறிது தவறினாலும் கேம் தேய்ந்துவிடும். ரோலரில் அந்தக் கவலை இல்லை. அடுத்த காரணம், கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் பின்பக்க மெயின் சீல். பழைய இன்ஜினில் இரண்டு துண்டாக இருந்த அது 1986 முதல் ஒரே வளையமாக வரத் தொடங்கியது. இந்த ஆறு ஆண்டுகளில் என் கராஜ் தரையில் பின்பக்கத்திலிருந்து ஒரு சொட்டு ஆயில்கூட விழவில்லை.

ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்ற சொல்லை நம்பி இறங்குபவரை வழியில் நிறுத்துபவை இந்தச் சின்ன வேறுபாடுகள்தான். ஒற்றைச் சீல் கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் போல்ட் வட்டம் சிறியது. இன்ஜினை டார்க் கன்வெர்ட்டரோடு இணைக்கும் பல்தகடான பழைய ஃபிளெக்ஸ்பிளேட் அதில் உட்காராது, எடைச்சமன் உள்ள புதியதே வேண்டும். அதிலும் 153 பல், 168 பல் என இரு அளவுகள் உண்டு என்பதால், ஸ்டார்ட்டர் மோட்டார் எதற்கானது என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வோர்டெக் ஹெட்டுகளுக்கு, காற்று-பெட்ரோல் கலவையை உள்ளே கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட்கள் பன்னிரண்டுக்குப் பதில் எட்டு, அவையும் செங்குத்தாக இறங்குபவை. எனவே பழைய மேனிஃபோல்டு உதவாது. அந்த ஹெட்டுகளில் மேனிஃபோல்டைச் சூடாக்கும் எக்ஸாஸ்ட் வழி இல்லாததால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவும் கார்புரேட்டர் சோக் மின்சாரத்தில் இயங்குவதாக இருக்க வேண்டும். ரோலர் கேமுக்கு ஏற்ற கடினப்படுத்திய பற்சக்கரம் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) வேண்டும். எனக்கு வந்த பிளாக்கில் மெக்கானிக்கல் ஃபியூயல் பம்புக்கான துளையே வெட்டப்பட்டிருக்கவில்லை; மின் பம்ப் ஒன்றை பொருத்தினேன். இந்தத் தலைமுறை சி10-ல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள் இருக்கையின் பின்னால் இருப்பதால், அந்தப் பம்பின் முனகல் இன்றுவரை என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விபத்து நேர்ந்தால் பம்பைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் இப்படிப் பொருத்தவே கூடாது.

மின்சுற்றிலும் ஒரு மாற்றம் செய்தாக வேண்டும். 1972 வண்டியில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயர், வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் ஒயர். ‘எச்.இ.ஐ’ எனப்படும் மின்னணு டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு 12 வோல்ட் தேவை. ஃபியூஸ் பெட்டியிலிருந்து அதற்கெனத் தனி ஒயர் இழுத்தேன்.

இறக்கி ஏற்றும் வேலை, ஓய்வுபெற்ற மெக்கானிக்கான என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் துணையோடு நான்கு வார இறுதிகளில் முடிந்தது. கியர்பாக்ஸுடன் இன்ஜினைச் சேர்க்கும் முன், இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிச் சுழற்றியபடி, அது ஒவ்வொரு படியாக ‘டொக்’ என்று உள்ளிறங்குவதைக் காதால் எண்ணச் சொன்னார் அவர். மூன்றாவது ஒலி வராமல் போல்ட்டை முறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும். என் கையில் இரண்டு ஒலிதான் வந்தன. அரைமணி நேரம் பொறுமையாகத் திருப்பிய பிறகே மூன்றாவது வந்தது. இரண்டையும் சேர்த்தபின் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையே ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குல இடைவெளி இருந்ததை அளந்து பார்த்துவிட்டுத்தான் போல்ட்களைப் போட்டோம்.

முதல் கோடையில் வண்டி என்னைக் கலங்க வைத்தது. நகருக்குள் சாதாரணமாக நிற்கும் வெப்பமுள், ஐ-5 நெடுஞ்சாலையில் 4,000 அடிக்கு மேல் உயரும் டெஹோன் கணவாய் ஏற்றத்தில் 230 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், ரேடியேட்டரைக் கழுவினேன், டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை) சரிபார்த்தேன். மூன்று வாரம் எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் இன்ஜினோடு சேர்த்து வாங்கிய வாட்டர் பம்பைக் கழற்றி, அதன் பின்தகட்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இறகுகள் எதிர்த்திசைக்கு வளைந்திருந்தன. பிற்காலப் பிக்கப்புகளில் ஒரே நீளப் பெல்ட்டின் முதுகு வாட்டர் பம்பைச் சுழற்றுவதால், அது என் வண்டியிலுள்ள பழைய வி-பெல்ட் பம்புக்கு நேரெதிராகச் சுழலும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் உதிரிபாகக் கடைக்காரரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. சரியான பம்பைப் பொருத்திய அடுத்த ஞாயிறு அதே ஏற்றத்தில் அதே பாரத்துடன் ஏறினேன். முள் 205-ஐத் தாண்டவில்லை. அன்று முதல் எந்த உதிரிபாகத்தையும் பெட்டி எண்ணை மட்டும் நம்பி நான் பொருத்துவதில்லை.

இப்போது மாற்று இன்ஜினில் 41,000 மைல் ஓடிவிட்டது. 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். இடையில் அரை குவார்ட்டுக்கு மேல் ஊற்ற நேர்ந்ததில்லை. கேலனுக்கு 11 மைல் கொடுத்த வண்டி நெடுஞ்சாலையில் இப்போது 14 முதல் 15 வரை தருகிறது. வோர்டெக் ஹெட்டுகளின் எரியறை விரைவாக எரிப்பதால் மொத்த டைமிங் 32 பாகை போதுமானது. அதற்கு மேல் கொடுத்தபோது இழுவிசை கூடவில்லை, ஏற்றத்தில் நாக்கிங் (இன்ஜின் தட்டும் ஒலி) மட்டும் கேட்டது. படகை இழுத்துக்கொண்டு மலையேறும்போது முன்பு இரண்டாம் கியரில் அலறிய வண்டி, இன்று அதே வளைவுகளை மூன்றாம் கியரிலேயே அமைதியாகக் கடக்கிறது. எனக்கு இதுவே முழு மனநிறைவு.

குறையும் உண்டு. நான்காம் ஆண்டில் இன்டேக் மேனிஃபோல்டின் முன்மூலையில் கூலன்ட் கசிந்தது. அந்த போல்ட்களுக்கு வெறும் 11 அடி-பவுண்டு முறுக்கமே அளவு; பழைய மேனிஃபோல்டின் பழக்கத்தில் நான் கூடுதலாக முறுக்கி கேஸ்கெட்டை நசுக்கியிருந்தேன். இரும்பு உட்தகடு கொண்ட கேஸ்கெட்டைப் போட்டு, அளவாக முறுக்கியபின் கசிவு நின்றது.

மொத்தச் செலவு 5,100 டாலர். இன்ஜினின் விலை அதில் பாதிகூட இல்லை, மிச்சமெல்லாம் மேலே சொன்ன சின்ன உதிரிபாகங்களுக்குப் போனது. இனி மிஞ்சியிருப்பது கியர்பாக்ஸ் மட்டுமே. 3.73 அச்சு விகிதத்துடன் 65 மைல் வேகத்தில் இன்ஜின் ஏறத்தாழ 2,900 ஆர்.பி.எம்.மில் சுழல்கிறது; அதைக் குறைக்க, ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸ் ஒன்றைப் போன மாதம் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்காக, கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரை எவ்வளவு பின்னால் நகர்த்த வேண்டும் என்று நேற்று மாலை வண்டிக்கடியில் படுத்து அளந்து, சாக்கட்டியால் சேஸிஸில் கோடு போட்டிருக்கிறேன்.