அல்பெண்டசோல் 400: ஒரு பூச்சி மாத்திரை, நான்கு மாதம் கழித்து

பூச்சி மாத்திரைக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். ஒரு வேளை மென்று விழுங்கினால் முடிந்துபோகிற சமாசாரம்தான். ஆனால் ஏறக்குறைய ஒரு வருடமாக இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துகொண்டிருந்த என்னிடம், எல்லாவற்றுக்கும் காரணம் குடலில் இருக்கிறது என்று சொல்லி இந்த ஒற்றை மாத்திரையைக் கொடுத்தபோது நம்பிக்கையே வரவில்லை. அதனால் இது எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இருந்த தொந்தரவு. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 104 ஓடும். அதைவிடப் பெரிய தொல்லை இரவில்தான். பக்கவாட்டில் படுத்துக் காது தலையணையில் பட்டதும் உள்ளே உஷ், உஷ் என்று நாடித் துடிப்போடு சேர்ந்து ஒரு சத்தம் கேட்கும், அது கேட்கக் கேட்கத் தூக்கம் போய்விடும். முதலில் பார்த்த மருத்துவமனையில் டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், இரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை. ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்திருக்க வேண்டியதற்கு ஏழு மாதம் வீணானது இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்துக் கிடந்தது. அப்புறம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். "ஒரு சத்தம் கேக்குதுங்க, ஆனா வால்வு கெட்டுப்போன மாதிரி தெரியல. இரத்தம் மெலிஞ்சுபோய் வேகமா ஓடுற சத்தமாத்தான் இருக்கும், எதுக்கும் எக்கோ பார்த்துடுவோம்" என்றார். எக்கோவில், அதாவது இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், வால்வுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின்தான் 7.8 கிராம். ஈசினோஃபில் என்கிற வெள்ளணுக்கள் 500-க்குள் இருக்க வேண்டியவை 1,400 இருந்தன. குடலில் புழு இருந்தால் இவை கூடுமாம், அந்த எண்ணைப் பார்த்த உடனேயே கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனைக்கு எழுதிவிட்டார்.

அந்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதிரியைச் சீக்கிரம் கொண்டுவரச் சொன்னார்கள், ஏனென்றால் கொக்கிப்புழு முட்டை வெளியே வந்து நேரமானால் பொரிக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் கண்டுபிடிப்பது சிரமம். ஆய்வகத்தில் இருந்தவர் நான் ஆர்வமாகக் கேட்டதும் நுண்ணோக்கியில் காட்டினார். நீள்வட்டமாக, கண்ணாடி போல மெல்லிய ஓடு, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி நாலைந்து செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு அழகான ஒன்றா என்னை இந்தப் பாடு படுத்தியது என்றிருந்தது. முட்டையை வைத்து இது எந்த வகைக் கொக்கிப்புழு என்று சொல்ல முடியாதாம், நெக்கேட்டர், அன்கைலோஸ்டோமா என்ற இரண்டு வகைக்கும் முட்டை ஒரே மாதிரிதான் இருக்கும்.

குடலில் இருக்கும் புழுவுக்கும் காதில் கேட்கும் நாடிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். கொக்கிப்புழு குடலுக்கு வருவதே இரத்தக் குழாய் வழியாகத்தான். மண்ணில் இருக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து நுண்ணிய சிரைக்குள் நுழைகிறது, இதயத்தின் வலப்பக்கம் போய் அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது, அங்கே தந்துகி என்கிற மிக மெல்லிய இரத்தக் குழாயை உடைத்துக்கொண்டு காற்றறைக்குள் வந்து தொண்டை வரை ஏறுகிறது, நாம் அதை விழுங்கிவிடுகிறோம். வெறுங்காலோடு தோட்டத்து மண்ணில் வேலை செய்யும் பழக்கம் எனக்கு உண்டு, அதனால் இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. தோல் வழியாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஒட்டுண்ணி ஆய்வாளர். 1898-இல் கெய்ரோவில் இளம்புழுக்கள் இருந்த நீர் தவறிக் கையில் சிந்தியதுதான் தொடக்கம், பிறகு அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன.

குடலுக்கு வந்ததும் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் புழு குடற்சுவரைக் கவ்வி, உள்ளே இருக்கும் தந்துகிகளைக் கிழிக்கிறது. சாதாரணமாக ஒரு கீறல் பட்டால் தட்டணுக்கள் ஓடிவந்து அடைத்துவிடும், இரத்தம் உறைந்துவிடும். இந்தப் புழு அதை நடக்கவே விடுவதில்லை. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்க ஒரு புரதம், இரத்தம் உறைவதைப் பாதியிலேயே நிறுத்த வேறு சில புரதங்கள் என்று தயாராகவே சுரந்துகொண்டிருக்கும். நாய்க் கொக்கிப்புழுவில் கண்டுபிடித்த அப்படிப்பட்ட ஒரு புரதத்தை, இரத்தக் கட்டி வராமல் தடுக்கும் மருந்தாக மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு திறமையாக வேலை செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புழு இடம் மாறிப் போனாலும் பழைய காயம் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும்.

நெக்கேட்டர் வகைப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு சுமார் 0.03 மில்லி இரத்தம் போகிறது, அன்கைலோஸ்டோமா வகை என்றால் 0.15 மில்லிக்கும் மேல். இரண்டாவது வகையில் 100 புழு இருந்தால் தினமும் 15 மில்லி. அந்த 15 மில்லியில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குடல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், சரி. ஆனால் நம் உடம்பு உணவிலிருந்து நாளெல்லாம் சேர்ப்பதே 1 முதல் 2 மில்லிகிராம்தான், அப்புறம் எப்படிக் கணக்கு சரியாகும்? வலி கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இரத்தமும் போகாது, இருப்பு மட்டும் கரைந்துகொண்டே வரும்.

இரத்தம் மெலிந்தால் இரத்தக் குழாய் சும்மா இருக்காது. ஆக்சிஜன் போதாத திசுக்கள் கேட்கக் கேட்க அங்கே போகும் சிறு தமனிகள் விரிந்துகொடுக்கும். குழாயின் உள்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயை விரிக்கிற பொருள்களில் முக்கியமானது (1998-இல் மருத்துவ நோபல் பரிசு இதைக் கண்டறிந்ததற்குத்தான்). வழக்கமாக ஹீமோகுளோபின் அதைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும், ஹீமோகுளோபினே குறைந்துபோனால் அந்தப் பிடியும் தளர்கிறது. குழாய் விரிந்து, இரத்தமும் நீர்த்துப்போனால் ஓட்டத்துக்குத் தடை குறைந்துவிடும். அந்த நிலையிலும் எல்லா உறுப்புக்கும் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாக, அதிகமாக இறைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு நாடி 104 ஓடியதும், நெஞ்சில் மருத்துவர் கேட்ட சத்தமும், காதில் நான் கேட்ட உஷ்ஷும் எல்லாம் ஒரே கதைதான் என்று புரிந்த அன்று ஏனோ நிம்மதியாகத் தூங்கினேன்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளை. வாயில் போட்டு மென்றால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொடிந்து பல்லில் ஒட்டும், மேலே ஒரு செயற்கை இனிப்பு. புழுவின் செல்லுக்குள் சட்டம் மாதிரி தாங்கி நிற்கும் நுண்குழல்களை இது கட்டவிடாமல் செய்கிறது. அதனால் புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சில நாளில் சாகும். மாத்திரை குடலிலிருந்து நம் இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகிறது, குடற்புழுவுக்கு அதுதான் வசதி, மருந்து வேண்டிய இடத்திலேயே நிற்கிறது. எனக்கு அன்று மாலை லேசான வயிற்று வலியும் தலைவலியும் இருந்தன, மறுநாள் ஒன்றுமில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிடக் கூடாது, தயவுசெய்து இதை மட்டும் யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் கழித்து மறுபடி மலம் பார்த்தபோது சில முட்டைகள் இன்னும் இருந்தன, இரண்டாவது மாத்திரைக்குப் பிறகுதான் சுத்தமானது. உருண்டைப்புழுவை ஒரே வேளையில் நன்றாக விரட்டும், கொக்கிப்புழுவில் பலருக்குச் சரியாகும் ஆனால் எல்லாருக்கும் இல்லை, சாட்டைப்புழுவிடம் ஒரு வேளை மருந்து மிகவும் பலவீனம். இரத்தத்திலும் நுரையீரலிலும் பயணத்தில் இருக்கும் இளம்புழுக்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற புழுவுக்கு ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. அந்தப் புழு உள்ளே இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு எடுத்தால் அது உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். சிஸ்டோசோம் என்ற புழுவோ குடலைச் சுற்றியுள்ள சிரைகளுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் ஜோடியாக வருடக்கணக்கில் குடியிருக்கும். அதன் முட்டைகள் கல்லீரலில் போய்ச் சிக்கி அங்கே இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிலருக்கு நுரையீரல் தமனிகளையும் கெடுக்கும். அதற்கு வேண்டியது பிராசிகுவாண்டல், இந்த மாத்திரை உதவாது. ஆகவே எந்தப் புழு என்று பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டு தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது.

இன்னொரு பெரிய விஷயம், இது இழந்த இரத்தத்தைத் திருப்பித் தராது. முதல் மாத்திரை சாப்பிட்டு ஒரு வாரத்துக்கு எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ஏமாற்றமாக இருந்தது. இரும்பு மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம்தான் படியில் தெரிந்தது. மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.9, ஈசினோஃபில் 350, நாடி 78. இரும்புக் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் இரும்பைத் தொடரச் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், புழு இருப்பது இதயத்துக்கு நல்லதாமே என்று கேட்டார். அவர் சொன்னது பொலிவியாவில் வாழும் சிமானே மக்களைப் பற்றி. 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 705 பேரை ஸ்கேன் செய்ததில் 85 சதவீதம் பேருக்கு இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவே இல்லை, அவர்களிடையே குடற்புழுக்கள் சகஜம். புழுக்கள் நம் எதிர்ப்புச் சக்தியை அடக்கி அழற்சியைத் தணிப்பதும் உண்மைதான், தமனி அடைப்பில் அழற்சிக்குப் பங்கு இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த மக்கள் நாள் முழுக்க உழைக்கிறார்கள், புகைப்பது மிகக் குறைவு, கெட்ட கொலஸ்டிராலும் குறைவு. பெருமையைப் புழுவுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. 7.8-இல் இருந்து பார்த்தவர்கள் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தான் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்கிற மருந்து. ஒன்றைக் குறைத்தது, இரண்டாவது வேளையும் மறுபரிசோதனையும் தேவைப்படலாம் என்று அட்டையில் எங்குமே இல்லாததற்காக. போன வாரம் மருத்துவர் அதே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் போயிடுச்சுங்க" என்றார். எனக்கு அது பத்து நாள் முன்பே தலையணையில் தெரிந்துவிட்டது. தோட்ட வேலைக்கு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கியிருக்கிறேன், அடுத்த மலப் பரிசோதனை ஆறு மாதம் கழித்து.