அடிபட்ட பறவைக்கு மடிப்பு அட்டைப் பெட்டி: வாங்கலாம், சில திருத்தங்களோடு

பூனை, முயல் கொண்டுபோக என்று விற்கிற மடிப்பு அட்டைப் பெட்டி, அடிபட்ட பறவையை மருத்துவமனை சேர்க்கவும் நன்றாகவே உதவும். இங்கே பார்ப்பது நடுத்தர அளவு: 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். மேலே கைப்பிடி, பக்கங்களில் காற்றுத் துளை, பசையில்லாமல் கோத்துப் பூட்டும் அடிப்பாகம். வாங்கி வைக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் கடையிலிருந்து வந்தபடியே அதில் பறவையை வைத்துவிடக் கூடாது.

இந்தப் பெட்டியின் பெரிய பலம், அது தட்டையாக மடிந்து வண்டிக்குள் எப்போதும் கிடக்கும் என்பதுதான். கணக்குப் போட்டால் இது புரியும். பறவை கிடக்கும் இடத்துக்கும் மருத்துவமனைக்கும் 60 கி.மீ. என்று வையுங்கள். பாதி தூரம் 60 கி.மீ. வேகத்தில் போகலாம், மீதிப் பாதியில் 30-க்கு மேல் முடியாது. சராசரி 45 என்று மனசு சொல்லும். அது தப்பு. முதல் 30 கி.மீ.க்கு அரை மணி, அடுத்த 30-க்கு ஒரு மணி, ஆக ஒன்றரை மணி நேரம். உண்மையான சராசரி 40 தான். மீட்புத் திட்டங்கள் சறுக்குகிற முதல் இடம் இது.

மாலை 3.30-க்குத் தகவல் வருகிறது, மருத்துவமனை 6 மணிக்கு மூடும். அங்கிருந்து மீட்பு வண்டி கிளம்பினால் 5 மணிக்கு வந்து சேரும். பறவையை ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தாலும் திரும்பிப் போகும்போது 6.30. கதவு மூடியிருக்கும். பறவையைப் பார்த்தவரிடமே பெட்டி இருந்தால் பிடிக்க அரை மணி, பயணம் ஒன்றரை மணி, 5.30-க்குச் சேர்ந்துவிடலாம், அரை மணி கையிருப்பு. இரண்டு பக்கமும் கிளம்பி நடுவில் சந்திக்கலாமே என்று பலர் கேட்பார்கள். வேகம் ஒன்றாக இருந்தால் பறவை சேரும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. எதிரே வருகிற வண்டியில் முதலுதவி தெரிந்தவர் இருந்தால் மட்டும் லாபம்: சிகிச்சை 45 நிமிடம் முன்னதாகத் தொடங்கும்.

கதவு மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணில் பார்த்துவிடலாம். ஓய்வாக இருக்கும் பறவை ஒரு நாளில் செலவழிக்கும் கலோரிக்கு மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75 அடுக்கை 78-ஆல் பெருக்க வேண்டும். குருவி, காகம் போன்ற பாடும் பறவை இனங்களுக்கு மட்டும் 129. 400 கிராம் கூகைக்கு நாளுக்கு ஏறத்தாழ 39 கிலோகலோரி. 25 கிராம் சிட்டுக்குருவிக்கு 8. கூகைக்குத்தானே அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். 15 மணி நேரம் பெட்டியிலேயே கிடந்தால் கூகை உடல் எடையில் 0.7 சதவீதத்தை எரிக்கும், குருவி 2 சதவீதத்துக்கு மேல். இது அசையாமல், குளிராமல் இருந்தால். பயமும் குளிரும் சேர்ந்தால் செலவு பல மடங்கு ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒரே வண்டிதான் இருக்கிறது என்றால், காயம் ஒரே மாதிரி இருக்கும்போது சின்னதற்குத்தான் அவசரம்.

சரி, பெட்டிக்கு வருவோம். முதல் குறை அடிப்பாகம். வழவழப்பான அட்டையில் நகம் பிடிக்காது. கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து சறுக்கும், இடுப்பிலோ காலிலோ அடிபட்டிருந்தால் வலி இரட்டிப்பாகும். செய்தித்தாள் போட்டாலும் அதே கதைதான். பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி விரியுங்கள். நூல் வளையம் உள்ள குளியல் துண்டு வேண்டாம், வளையத்தில் நகம் மாட்டிக்கொண்டால் விரல் முறுக்கிக்கொள்ளும்.

கோத்துப் பூட்டும் அடிப்பாகத்தையும் நம்ப முடியாது. பறவை ஒரு மூலைக்கு நகர்ந்தால் எடை முழுக்க ஒரே மடிப்பில் இறங்கும். எச்சமோ ரத்தமோ ஊறினால் அட்டை சீக்கிரம் பலம் இழக்கும். வெளிப்பக்கம் கூட்டல் குறி வடிவில் அகலமான பேக்கிங் டேப் ஒட்டி, தூக்கும்போது ஒரு கையை அடியில் கொடுங்கள். கைப்பிடி நிதானத்துக்கு மட்டும்.

அடுத்து காற்றுத் துளை. இவை பூனைக்காகப் போட்டவை. காட்டுப் பறவைக்கு மனிதரைப் பார்ப்பதே அதிர்ச்சி. மேல் வரிசைத் துளைகளை டேப்பால் மூடி, கீழ் வரிசையை விட்டுவையுங்கள். புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் பறவையை வைப்பதற்கு முன்பே, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகக் குத்துங்கள். அப்போதுதான் கிழிந்த அட்டையின் கூர் விளிம்பு வெளியே நிற்கும், கண்ணையோ இறகையோ உரசாது.

எடைதான் இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்த விஷயம். சமையலறை டிஜிட்டல் தராசில் துணியோடு சேர்த்து வெறும் பெட்டியை நிறுத்து, மூடியிலேயே எழுதிவிடலாம். பறவை உள்ளே போனதும் மறுபடி நிறுத்துக் கழித்தால் போதும், பறவையைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. பெட்டி 620 கிராம், பறவையோடு 880 என்றால் பறவை 260. இதை அப்போதே போனில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீர்ச்சத்து ஏற்ற பறவைக்கு ஒரு தடவைக்கு உடல் எடையில் 5 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு; 260 கிராமுக்கு 13 மி.லி. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் வெதுவெதுப்பாக்கித் தயாராக வைத்திருப்பார். நீங்கள் வாயில் ஊற்றிவிடாதீர்கள். மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

இதில் ஒரு பொறி உண்டு. அட்டை ஈரம் உறிஞ்சும். வறண்ட நாளில் 620 என்று எழுதிய பெட்டி மழைக்காலத்தில் 30, 40 கிராம் கூடியிருக்கும். 260 கிராம் பறவைக்கு அது பதினைந்து சதவீதம் வரை பிழை, மருந்து அளவே மாறிவிடும். அதனால் பறவையை வைப்பதற்கு முன் வெறும் பெட்டியை அன்றைக்கே ஒருமுறை நிறுத்துவிடுங்கள். பக்கத்திலேயே கண்டெடுத்த இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள், குணமானதும் அங்கேயே கொண்டுபோய் விட உதவும்.

வெப்பத்துக்குத் தனி வசதி எதுவும் பெட்டியில் இல்லை. அரை லிட்டர் பாட்டிலில் 45 டிகிரி வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள், பறவை விலகிப் போக இடம் இருக்கட்டும். அது 30 டிகிரிக்கு ஆறுவதற்குள் 31 கிலோஜூல் தரும். கூகை தன் உடம்பில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது. முழுக்க ஆறிய பாட்டில் மாறாகப் பறவையிடமிருந்து வெப்பத்தை இழுக்கும், மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். வெயில் நேரத்தில் பாட்டிலே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறும், பெட்டியை ஒரு நிமிடம்கூட அங்கே விடாதீர்கள்.

எதற்குப் பொருந்தும்? புறா, காகம், மைனா அளவுக்கு மிகச் சரி. கூகைக்குக் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், குறுகிய பயணத்துக்குப் பரவாயில்லை. பறவை நின்று திரும்ப இடம் வேண்டும், சிறகை விரிக்க இடம் இருக்கக் கூடாது. கரும்பருந்து அலகிலிருந்து வால் வரை 60 செ.மீ. வரை வரும். இதில் திணித்தால் வாலிறகு ஒடியும், ஒடிந்தது அடுத்த இறகுதிர்ப்பு வரை முளைக்காது. கம்பிக் கூண்டு இன்னும் மோசம், சிறகிறகுகளைச் சீவிவிடும். நாரை, கொக்கு போன்ற நெட்டைக்காலிகளுக்கும் இது ஆகாது. கால் மடிந்தே இருந்தால் ரத்த ஓட்டம் தடைப்படும். அவை கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்பதால் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். அணில் அட்டையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வௌவாலை வெறும் கையால் தொடவே கூடாது, ரேபிஸ் ஆபத்து உண்டு.

பிளாஸ்டிக் கேரியர் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம், கம்பிக் கதவை உள்பக்கம் அட்டையால் மறைத்துவிட்டு. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அதன் லாபம்: சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம், பிறகு நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். ஆனால் அதை வண்டியில் எப்போதும் வைத்துக்கொண்டு அலைய முடியாது. அட்டைப் பெட்டியைக் கழுவ முடியாது, ஒரு பறவைக்கு ஒரு பெட்டிதான். நோயும் பேனும் அடுத்த பறவைக்குத் தொற்றும் என்பதால் பயன்படுத்தியதை எரித்துவிடுங்கள், அல்லது மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள். அதனால் வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள், துணியும் டேப்பும் மடிப்புக்குள்ளேயே இருக்கட்டும்.