யோசெமிட்டியில் கூடாரம்: கீழே பள்ளத்தாக்கிலா, மேலே துவாலமியிலா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்கா என்றதும் எல்லோரும் பள்ளத்தாக்கில் இருக்கும் அப்பர் பைன்ஸ் முகாமுக்குத்தான் முண்டியடிக்கிறார்கள். மேலே, டயோகா சாலையோரம் இருக்கும் துவாலமி மெடோஸ் முகாம் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. எது நல்லது என்று யாராவது கேட்டால், எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மே, ஜூன் என்றால் யோசிக்கவே வேண்டாம், பள்ளத்தாக்குதான். யோசெமிட்டி அருவி 739 மீட்டர் உயரம், ஆனால் அது பனி உருகி வரும் தண்ணீர். மே மாதத்தில் இரைச்சலோடு கொட்டும் அதே அருவி, ஆகஸ்டில் பெரும்பாலும் வெறும் பாறையாக நிற்கும். அதைப் பார்க்கவே வந்தவர்கள் முகம் தொங்கிப் போகும். மேலே போகலாம் என்றாலும் மே மாதத்தில் டயோகா சாலை பெரும்பாலும் பனியில் மூடித்தான் கிடக்கும். சில வருடங்களில் ஜூன் கடைசியில்கூடத் திறந்திருக்காது. திறந்த புதிதில் கொசுத் தொல்லை வேறு.

ஆகஸ்ட், செப்டம்பரில் கதை தலைகீழ். பள்ளத்தாக்கு வெயிலில் காயும்போது 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் துவாலமியில் பகலில் இதமாக இருக்கும். டெனாயா ஏரி பக்கத்திலேயே. மாலையில் லெம்பர்ட் டோம் என்ற பாறைக் குன்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனம் வராது. ஆனால் ராத்திரி குளிர் உறைநிலையைத் தொடும், மெல்லிய போர்வையை நம்பிப் போகாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் வைத்தால் அரிசி நடுவில் நறுக்கென்றே நிற்கும். சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போவது உத்தமம். உயரத்தால் முதல் நாள் தலைவலி வந்தால் மலையேற்றத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

வசதி என்று பார்த்தால் கீழேதான். இலவசப் பேருந்து, கடை, கரி வில்லேஜில் காசு கொடுத்துக் குளிக்கலாம். துவாலமியில் குளியலறை இல்லை. அமைதியை மட்டும் கீழே எதிர்பார்க்காதீர்கள், பக்கத்துக் கூடாரத்துக் குறட்டை தெளிவாகவே கேட்கும்.

கரடி இரண்டு இடத்துக்கும் பொது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, காலி ஐஸ் பெட்டி வரை வாசனை உள்ள எல்லாமே முகாமில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். காருக்குள் விட்டால் கரடி கதவையே வளைத்துப் பிய்த்துவிடும்.

அப்பர் பைன்ஸுக்கு ஐந்து மாதம் முன்பே, 15ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் முன்பதிவுக்குத் தயாராக இருங்கள். கோடைத் தேதிகள் நிமிடங்களில் போய்விடும்.

ஆகஸ்டில் கீழேதான் இடம் கிடைத்ததா? சரி, அங்கேயே தங்கி விடிகாலையில் கிளம்புங்கள், ஒன்றரை மணி நேரத்தில் துவாலமி. பள்ளத்தாக்கில் பெட்ரோல் கிடைக்காது, வழியில் கிரேன் ஃபிளாட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.