சிலிகான் பூச்சா, புது பீடிங்கா: ஒழுகும் பழைய மாருதிக்கு எது?

எங்கள் வீட்டில் நிற்பது 2004-ஆம் ஆண்டு மாருதி 800. மன்னார்குடிக்கும் திருவாரூருக்குமாக அப்பா ஓட்டியது, இப்போது நான் ஓட்டுகிறேன். 2022 நவம்பரில், சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டிய அந்த வாரம், எங்கள் பக்கமும் மழை விடவில்லை. காலையில் கதவைத் திறந்து இடப்பக்கம் கால் வைத்தேன். நடவு வயலில் கால் வைத்தது போல மேட்டிங் அமுங்கி, விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. மேட்டிங் என்பது தரையில் விரித்திருக்கும் விரிப்பு.

கேட்டவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். முன் கண்ணாடி ஓரத்தில் சிலிகான் பூசு என்றார்கள் சிலர். கண்ணாடியைக் கழற்றி, அதைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கைப் புதிதாகப் போடு என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்துவிட்டேன். என் கட்சி பீடிங்தான். ஏன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

மூன்றாவது வழியாகக் கார் கவரும் தார்ப்பாயும் சொல்வார்கள். ஈரத்தோடு மூடிய கவர் உள்ளே புழுக்கத்தைத்தான் வளர்க்கும். கூரை இருந்தால் நல்லது, ஆனால் வண்டி ரோட்டில் ஓடும்போது கூரை கூட வராது. அதை விட்டுவிடலாம்.

எந்த வழியில் போவதானாலும், முதலில் அது மழைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். வெயில் நாளில் ஏசி போட்டு ஓட்டியபின் இடப்பக்கம் நனைந்தால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. அதற்கு சிலிகானும் வேண்டாம், பீடிங்கும் வேண்டாம். குழாயைச் சுத்தம் செய்தால் போதும். மழைதான் என்று தெரிந்தபின், தரை மேட்டிங்கையும் அதன் அடியில் உள்ள ஃபெல்ட்டையும் முழுக்க எடுத்துவிட்டுத் தகட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். கண்ணாடி ஓரம், டேஷ்போர்டின் அடிப்பக்கம், கதவு ஓரம் எல்லாவற்றிலும் முகப்பவுடரைத் தூவுங்கள். தரையில் நியூஸ்பேப்பர் விரியுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் ஹோஸ் குழாயைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும். எடுத்ததுமே மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. தண்ணீர் வந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும்.

இந்த வேலையை நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்தோம். தண்ணீர் விழுந்த இடம் இடப்பக்கத் தரை. நுழைந்த இடமோ கண்ணாடியின் வலது கீழ் மூலை. அங்கிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு குறுக்கே வந்து சொட்டியிருக்கிறது. ஈரம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடினால் கிடைக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவசரத்துக்கு சிலிகானைத்தான் எடுத்தேன். ஒரு டியூப், ஒரு ரோல் டேப், அரை மணி நேரம். அந்த மழைக்காலத்தின் மிச்சத்தை அது தாங்கியது, அதை மறைக்கக் கூடாது. மறுவருஷம் ஐப்பசி அடைமழையில் பழையபடி சொட்டு. மேலே இன்னொரு அடுக்கு பூசினேன், பிடிக்கவில்லை. காய்ந்த சிலிகான் மேல் புது சிலிகான் சரியாக ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது. கடையில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் வினிகர் வாசனை அடிக்கும் வகைதான் கையில் வரும். அது காயும்போது அசிட்டிக் அமிலம் கிளம்புகிறது, பெயிண்ட் உதிர்ந்த தகட்டுக்கு அது ஆகாது. பூசியே தீர வேண்டும் என்றால் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

2024 தை மாதம் கண்ணாடியைக் கழற்ற முடிவெடுத்தோம். அந்த வருஷம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், புதுப்பிப்பும் இருந்தது. 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது வரும், ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மாருதி 800-ல் முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த ரப்பரின் மறுபக்கப் பள்ளம், பாடியின் தகட்டு மடிப்பைக் கவ்விப் பிடித்திருக்கும். பட்டறை அண்ணன் முதலில் நான் பூசிய சிலிகானைச் சுரண்டி எடுத்தார். அது கண்ணாடியை விட்டு நாடா நாடாவாக உரிந்து வந்தது. அப்புறம் பழைய பீடிங்கை பிளேடால் கீறி இழுத்தார். ரப்பர் காய்ந்து, மூலைகளில் விறைத்துச் சுருங்கிப் போயிருந்தது. வலது கீழ் மூலையில் தகடு பழுப்பு நிறத்தில் அப்பளம் போல அடுக்கடுக்காகப் பொருமியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்லத் தொட்டார். உள்ளே போய்விட்டது.

"தம்பி, இன்னும் ரெண்டு மழை விட்டிருந்தா ரப்பர் கவ்வ தகடே இருந்திருக்காது" என்றார்.

இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இந்த இடத்தில்தான். ரப்பர் சுருங்கினால் மேல் ஓரத்தில் இறங்கும் தண்ணீர் பள்ளத்தின் வழியே ஓடிக் கீழ் மூலையில் சேரும். சேர்ந்த தண்ணீர் ஏதோ ஒரு சந்தில் வெளியேறிக் காய்ந்துகொண்டும் இருக்கும். நான் பூசிய சிலிகான் அந்த இடுக்கையும் சேர்த்து அடைத்துவிட்டது. வேறு இடத்தில் புகுந்த தண்ணீர் போக வழியில்லாமல் தகட்டு மடிப்பிலேயே தேங்கி நின்றிருக்கிறது. உள்ளே சொட்டு விழவில்லை என்று நான் நிம்மதியாக இருந்த மாதங்களில்தான் துரு வேகமாகத் தின்றிருக்கிறது. வடிகால் மதகை அடைத்துவிட்டு வயலில் தண்ணீர் நிற்கிறதே என்று கேட்பது போலத்தான் இது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

பீடிங் மாற்றும்போது அந்த மடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. சுரண்டலாம், எமரித் தாள் போட்டுத் தேய்க்கலாம், தேவையானால் சின்னதாகத் தகடு வெட்டி வைத்து ஒட்டு போடலாம், ப்ரைமர் அடிக்கலாம். எங்கள் வண்டியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டு போட வேண்டியிருந்தது. ப்ரைமரும் பெயிண்டும் நன்றாகக் காய இரண்டு நாள் விடச் சொன்னோம். பட்டறையில் அன்றைக்கே மாட்டித் தரத் துடிப்பார்கள், விடாதீர்கள்.

மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புது ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டினார். வெளிப் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிற்றைப் பதித்து, இரண்டு முனையும் கீழ் நடுவில் தொங்கும்படி விட்டார். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் சட்டத்தில் சாய்த்தார். வெளியே உதவியாள் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர, அண்ணன் உள்ளே உட்கார்ந்து கயிற்றை மெல்ல மெல்ல உருவினார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே மடிந்து கவ்வியது. மூலைக்கு வந்தபோது மட்டும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டால் கண்ணாடி கீறல் விடும்.

செலவு? பீடிங், ஒட்டு, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்துக்குள் முடிந்தது. சிலிகானோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் மழைத் தண்ணீர் தரையில் தேங்கித் தரைத் தகடு போனால் அந்தக் கணக்கே வேறு. சீட்டையெல்லாம் கழற்றி டிங்கர் வேலை பார்க்க வேண்டும். விற்கப் போனாலும் அனுபவம் உள்ளவர் முதலில் மேட்டிங்கைத் தூக்கி விரலால் அழுத்துவார், கண்ணாடி ஓரத்தைப் பார்ப்பார். சிலிகான் கோடு தெரிந்தால் அங்கேயே விலை இறங்கும். என் வண்டியைப் பார்க்க வந்த இருவரும் அப்படித்தான் செய்தார்கள். விற்கவில்லை, அது வேறு விஷயம்.

பீடிங் வாங்கும்போது விலை குறைந்ததற்குப் போகாதீர்கள். கையால் மடித்துப் பிடியை விட்டால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும், மூலைகள் ஒட்டுப் போடாமல் வார்த்ததாக இருக்க வேண்டும்.

கதவு வழியாக வருவதற்கு இந்த இரண்டு வைத்தியமும் பொருந்தாது. கதவுக் கண்ணாடியோடு மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. கீழே உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியவர் எங்கள் வண்டியில் அந்தத் தாளைக் கிழித்து அப்படியே விட்டிருந்தார். தடித்த பாலிதீன் வெட்டி ஒட்டினேன், சரியாகிவிட்டது. கீழ் ஓட்டைகளில் சிலிகான் வைத்து அடைத்த ஒரு வண்டியையும் பார்த்திருக்கிறேன். கதவை ஆட்டினால் குடத்துத் தண்ணீர் போல சத்தம் வந்தது.

சிலிகானுக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். நாளைக்கே புயல் என்றால், அல்லது துரு பிடிக்கத் தகடு இல்லாத இடம் என்றால் தாராளமாகப் பூசலாம். கண்ணாடியைப் பசையால் ஒட்டிய பிந்தைய வண்டிகளில் நான் கை வைத்ததில்லை. அவற்றுக்குப் பாலியூரித்தேன் பசையும் பழகிய கையும் வேண்டும். அதனால் என் கணிப்பை ரப்பர் பீடிங் வண்டிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். என் பீடிங்கும் இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிக் கொட்டிய மழையில் தரையில் விரித்த நியூஸ்பேப்பர் காய்ந்தே கிடந்தது. பத்து வருஷம் தாங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது.

புரட்டாசி முடிவதற்குள் வைப்பருக்கு அடியில் உள்ள சல்லடையைத் திறந்து, சேர்ந்த இலைகளை அள்ளிப் போட்டுவிடுகிறேன். எங்கள் வாசலில் புங்கை மரம். போன தடவை இரண்டு கை நிறைய வந்தது.