பைப் கோப்பை அடுக்க பெர்லா, பைத்தானா?

எங்கள் உதிரிபாகக் கடையின் இருப்புக் கோப்பில் வரிக்கு ஒரு பொருள். கிளை, பொருள் எண், எண்ணிக்கை, குறிப்பு என நான்கு ஃபீல்டுகள், இடையில் பைப் குறி (|). இதைக் கிளைக்குள் பொருள், பொருளுக்குள் விவரம் என்று அடுக்க வேண்டும். இதற்காகப் பல வருடம் பெர்ல் என்ற நிரல்மொழியில் ஓடிய ஸ்கிரிப்டை (சிறு நிரலை) இந்த ஆண்டு பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாற்றிவிட்டேன்.

எழுதும் வேகத்தில் பெர்லுக்கே என் ஓட்டு. கிளை முன்பே இருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளடுக்கில் நேராக மதிப்பை வைக்கலாம். நடுவில் வேண்டிய ஹாஷை (பெயரைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பை) அதுவே உருவாக்கிக்கொள்ளும். நிரல் ஓடும் வேகம், நிரலின் வரி எண்ணிக்கை எல்லாம் இந்த அளவுக் கோப்புக்குப் பொருட்டே இல்லை.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. பெர்லில், மதுரைக் கிளையில் இந்தப் பொருள் உண்டா என்று எக்ஸிஸ்ட்ஸ் போட்டுக் கேட்டாலே போதும், மதுரை என்ற வெற்று ஹாஷ் முளைத்துவிடும். தவறுகளைக் கண்டிக்கும் ஸ்ட்ரிக்ட் போட்டிருந்தாலும் சத்தம் வராது. அப்படித்தான் மூடிய கிளை ஒன்று எங்கள் அறிக்கையில் மறுபடி வந்து நின்றது. காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. வரியைக் குறி பார்த்துப் பிரிக்கும் ஸ்பிலிட்டிலும் ஒரு சிக்கல்: வரிக் கடைசியில் காலியாக இருக்கும் ஃபீல்டுகளை அது பேசாமல் விட்டுவிடும். மூன்றாவது மதிப்பாக -1 கொடுத்தால்தான் தங்கும். குறிப்பு எழுதாத வரிகள்தான் எங்களிடம் அதிகம்.

பைத்தானில் ஸ்பிலிட் காலி ஃபீல்டுகளை அப்படியே தரும். நான் அதையும் விட்டு, இத்தகைய கோப்புகளை வாசிக்கப் பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலில், ஒவ்வொரு வரியையும் ஃபீல்டு பெயர்களோடு தரும் டிக்ட்ரீடருக்குப் பிரிக்கும் குறியாகப் பைப்பைக் கொடுத்தேன். மேற்கோளுக்குள் பைப் வந்தாலும் வரி உடையாது. தலைப்பு வரியிலிருந்து பெயர்களை எடுத்துக்கொள்வதால், நாளை ஒரு ஃபீல்டு இடம் மாறினாலும் கவலையில்லை. அடுக்குவதற்கு டிஃபால்ட்டிக்ட், அதாவது இல்லாத பெயரைக் கேட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும் பைத்தான் ஹாஷ். சதுர அடைப்பில் கேட்டால் இதுவும் புதிய கிளையை முளைக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் கோப்பை வாசித்து முடித்ததும் அப்படி உருவாக்கும் அதன் டிஃபால்ட் ஃபேக்டரியை நன் (None, எதுவுமில்லை) என்று வைத்தால் போதும். அப்புறம் இல்லாத கிளையைக் கேட்டால் கீஎரர் என்ற பிழை வந்து நிற்கும். இந்த ஒரு வரிக்காகவே மாறியது சரி என்பேன்.

பெர்லிலும் சிபேன் என்ற பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கும் மாட்யூல் கொண்டு இந்த முளைப்பை நிறுத்தலாம். அன்றாட வேலையில் நான் அதை வைத்து ஓட்டியதில்லை. என் கோப்பு சில ஆயிரம் வரிதான், கோடிக்கணக்கான வரிகளுக்கு இதே முடிவைச் சொல்ல மாட்டேன். பழைய பெர்ல் ஸ்கிரிப்ட் இன்னும் இருக்கிறது. ஒரு மாதம் இரண்டு அறிக்கைகளும் ஒத்துப்போனால் எடுத்துவிடுவேன்.