கத்தரி வெயிலில் தடுமாறும் தொட்டி

காரைக்குடியிலுள்ள எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில், கரைசலிலிருந்து ஒற்றைப் படிகங்களை வளர்ப்பதற்காக வாங்கிய மாறா வெப்பநிலைத் தொட்டியை ஓர் ஆண்டு முழுவதும் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், கலக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய எல்லாம் உறுதியானவை. கண்ணாடி வழியே படிகத்தைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க முடிவது பெரிய வசதி.

ஆடியிலிருந்து மாசி வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 35 பாகை செல்சியஸில் நிறுத்தி, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை, அதாவது கே.டி.பி.யை, கரைசலின் நீரை மெல்ல ஆவியாக விட்டு வளர்த்தோம். விதைப் படிகத்தின் மேல் அடுக்கடுக்காகக் கட்டி எழுந்தவை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தன.

பங்குனி பிறந்ததும் சிக்கல் தொடங்கியது. இத்தொட்டிக்குச் சூடேற்றத் தெரியுமே தவிர, குளிர்விக்கத் தெரியாது. அறை 38 பாகையைத் தொடும்போது ஹீட்டர் அணைந்தே கிடக்கும். நீரோ அறையின் சூட்டோடு சேர்ந்து ஏறும். வெப்பநிலை ஏற ஏறக் கே.டி.பி. கூடுதலாகக் கரையும் என்பதால், பகலில் படிகத்தின் முகங்கள் அரிக்கப்பட்டு, இரவில் கரைசல் குளிரும்போது அவசரமாக மீண்டும் வளர்கின்றன. அந்த அவசரத்தில் தாய்க்கரைசலின் நுண்துளிகள் உள்ளே சிறைப்பட்டு, படிகத்திற்குள் பால்போன்ற திரையாகப் படிந்துவிடுகின்றன.

இந்தக் கேட்டை எக்ஸ் கதிர் ஆய்வு மட்டும் காட்டிக்கொடுக்காது. கோடைப் படிகத்தைத் தூளாக்கி அளந்தபோதும் அதே நாற்கோண அமைப்பு, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின் பக்கங்களுக்கு அதே 7.45, 6.97 ஆங்ஸ்ட்ராம் அளவுகளே கிடைத்தன. ஒளி ஊடுருவலை அளந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. சமச்சீர் மையம் இல்லாத கே.டி.பி.யின் பெருமையே 1064 நானோமீட்டர் லேசர் ஒளியை 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றுவதில் இருக்கிறது. திரை படிந்த படிகம் அந்த ஒளியைச் சிதறடித்துவிடுகிறது.

விற்றவரிடம் கேட்டபோது, அறைக்கு ஏ.சி. போட்டுக்கொள்ளுங்கள் என்றார். விலை சொல்லும்போது அவர் இதைச் சொல்லவில்லை. விவரத்தாளில் அச்சிட்டிருந்த 0.01 பாகைத் துல்லியம், அறையைவிடத் தொட்டி சூடாக இருக்கும்வரை மட்டுமே செல்லும் என்பதும் அதில் இல்லை.

கடைசியில், சுண்ணாம்புக் காரையிட்ட தடித்த சுவர்களைக் கொண்ட பழைய வீடொன்றின் உள்கட்டு அறைக்குத் தொட்டியை மாற்றினோம். நகரத்தார் கட்டிய அந்த வீட்டுக்குள் பகல் சூடு மெதுவாகவே இறங்குவதால், ஏற்ற இறக்கம் வெகுவாகத் தணிந்தது. கூடவே முறையையும் மாற்றி, மூடியை இறுக்கி, 50 பாகையில் தொடங்கி நாளுக்குச் சிறிது சிறிதாகக் குளிர்வித்து வளர்த்தோம். அறையைவிடத் தொட்டி எப்போதும் சூடாக இருந்ததால் ஹீட்டருக்கும் வேலை இருந்தது. சித்திரையில் எடுத்த படிகம் மார்கழியில் எடுத்ததற்கு ஏறத்தாழ இணையாக இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. 2005-இல் வெளிவந்த சங்கரநாராயணன்–ராமசாமி முறைப்படி ஒரே திசையில் படிகம் வளர்க்க நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்த வேண்டும். அதற்கு இத்தொட்டியின் ஆழம் போதவில்லை.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எங்கள் பக்கத்தவர்கள் குளிர்விப்பான் இணைந்த தொட்டியையே கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதலானாலும்.