கேங் ஆஃப் ஃபோரின் ‘என்டர்டெயின்மென்ட்!’: எல்பி வாங்கலாமா?

விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிறவன் நான். அதனாலோ என்னவோ, இந்த இசைத்தட்டு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் உருவான கேங் ஆஃப் ஃபோர் குழுவின் முதல் ஆல்பம் இது, 1979இல் வந்தது. 12 பாட்டு, கிட்டத்தட்ட 40 நிமிடம்.

அட்டை செக்கச்சிவப்பு. ஒரு கௌபாயும் ஒரு செவ்விந்தியரும் கைகொடுக்கும் படம் மூன்று முறை. செவ்விந்தியர் இவன் நண்பன் என்று நம்பிச் சிரிக்கிறார், கௌபாய் ஆள் ஏமாந்த மகிழ்ச்சியில் சிரிக்கிறான், இனிச் சுரண்டலாம். இவ்வளவையும் படங்களோடு சேர்த்துச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். போன் திரையில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

ஆல்பத்தின் உயிர் ‘நேச்சுரல்ஸ் நாட் இன் இட்’. ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்று தொடங்கி, காதலும் கடையில் வாங்கிய புதுப் பொருள்போல ஆகிவிடுவதில் போய் நிற்கும் பாட்டு. தேவை பிறந்த பிறகு பொருள் வருவதில்லை, பொருளைச் செய்கிறவர்களே விளம்பரத்தின் மூலம் தேவையையும் செய்கிறார்கள் என்று ‘தி அஃப்ளூயன்ட் சொசைட்டி’ புத்தகத்தில் பொருளாதார அறிஞர் கால்பிரெய்த் 1958இலேயே எழுதிவிட்டார். அதைப் படித்தபோது ‘சரிதானே’ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இங்கே அப்படி நகர முடியவில்லை. ஆண்டி கில்லின் கிதார் வெட்டி வெட்டி நிற்கிறது. இதோ கிதார் மட்டும் தனித்து முழங்கும் ஒரு சோலோ வரப்போகிறது என்று காது காத்திருக்கும், வராது. இந்த ஏக்கத்தை எனக்கு யார் பழக்கிவிட்டார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. அதற்குள் டேவ் ஆலனின் பேஸும் ஹியூகோ பர்னமின் டிரம்ஸும் காலை ஆட வைத்துவிடும்.

கடைசிப் பாட்டு ‘ஆந்த்ராக்ஸ்’. ஒரு குரல் காதலை நோயாகப் பாடும்போது, இன்னொரு குரல் எல்லா இசைக்குழுவும் ஏன் காதலையே பாடுகிறது என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கும். குரல்கள் தனித்தனியாகக் கேட்க, இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி வையுங்கள். போனின் ஒற்றை ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான்.

குறையும் உண்டு. ஜான் கிங்கின் குரல் சில இடங்களில் வகுப்பெடுக்கிறது. ‘கான்ட்ராக்ட்’டை நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். டிவி செய்தியில் போரையே பொழுதுபோக்காகப் பார்ப்பதைப் பற்றிய ‘5.45’ அப்படியில்லை, இன்றைக்கும் சுடுகிறது.

முதலாளித்துவத்தைத் திட்டும் தட்டை ஈஎம்ஐ மாதிரி பெரிய இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டதா என்று கேட்பீர்கள். ஆமாம். ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்காக பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ மேடையையே விட்டு வெளியேறிய குழு இது. அதே குழுவின் ‘நேச்சுரல்ஸ் நாட் இன் இட்’ பின்னாளில் மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் கருவியான கினெக்ட் விளம்பரத்துக்குப் பின்னணி இசை ஆனது. எங்கள் தொழிலில் யாரும் இதை முரணாக நினைக்க மாட்டார்கள். பாட்டு துள்ளுகிறதா, 30 விநாடிக்கு வெட்ட வருமா, அவ்வளவுதான் கேள்வி.

தாராளமாக வாங்கலாம். 2021இல் மாடடார் என்ற இசை நிறுவனம் கொண்டுவந்த ‘77–81’ பெட்டித் தொகுப்பில் இரண்டாவது ஆல்பமான ‘சாலிட் கோல்ட்’டும் சேர்ந்து வருகிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம், முதலில் இந்த ஒரு தட்டைக் கேட்டுப் பாருங்கள்.